உயிருள்ள செல்லின் விறைப்பை அளத்தல்

வணக்கம். ஒரு ரப்பர் துண்டை அழுத்தி விட்டால் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. எண்ணெய் வழிந்தோடுமே ஒழியத் திரும்புவதில்லை. உயிருள்ள செல் இவ்விரண்டு இயல்புகளையும் ஒருசேரக் கொண்டிருப்பதால், அதை எவ்வளவு விரைவாக அழுத்துகிறோம் என்பதைப் பொறுத்து அதன் விறைப்பும் மாறுகிறது. பாகுமீட்சித்தன்மை எனப்படும் இப்பண்பை அணுவிசை நுண்ணோக்கியால் அளப்பது பற்றி இன்று பேசுகிறேன்.

1986-இல் பின்னிக், குவேட், கெர்பர் ஆகிய மூவர் அறிமுகப்படுத்திய இக்கருவி, நுண்ணோக்கி என்று பெயர் பெற்றிருந்தாலும், தொட்டுத்தான் அறிகிறது. ஒருபுறம் மட்டும் பிடிக்கப்பட்ட மிக மெல்லிய தகட்டின் நுனி செல்லின்மேல் இறங்கும்போது தகடு வளைகிறது. அதன் முதுகில் பட்டுத் தெறிக்கும் லேசர் ஒளி எவ்வளவு விலகுகிறது என்பதிலிருந்து வளைவையும், தகட்டின் சுருள்மாறிலியை, அதாவது அதை ஓர் அளவு வளைக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைக் கொண்டு விசையையும் கணிக்கிறோம். செல்லுக்குத் தேவைப்படும் விசை பெரும்பாலும் ஒரு நானோநியூட்டன் அளவிலானது. அமுங்கும் ஆழம் சில நூறு நானோமீட்டர். இவ்விரண்டையும் 1882-இல் ஹெர்ட்ஸ் தந்த தொடுகைக் கோட்பாட்டில் இட்டால், விறைப்பின் அளவான யங் குணகம் கிடைக்கும். செல்களுக்கு அது சில நூறு பாஸ்கல் முதல் சில பத்தாயிரம் பாஸ்கல் வரை வருகிறது. ஆனால் ஹெர்ட்ஸ் எடுத்துக்கொண்டது முழு மீட்சியுள்ள, சீரான, தடித்த பொருளை; செல்லோ இம்மூன்றில் எதுவுமே அன்று.

எனவே நுனியைச் செல்லில் மெல்லப் பதித்து, அங்கேயே சில நானோமீட்டர் வீச்சில் மேலும் கீழும் அசைக்கிறார்கள். முழு மீட்சியுள்ள பொருளில் விசையும் அமுக்கமும் ஒன்றாகவே ஏறி இறங்கும். முழுப் பாகுப்பொருளில் இரண்டுக்கும் இடையே 90 பாகை கட்ட வேறுபாடு இருக்கும். செல் இடையில் நிற்பதால், அந்த வேறுபாட்டிலிருந்து மீட்சியைக் காட்டும் சேமிப்புக் குணகம், பாகுத்தன்மையைக் காட்டும் இழப்புக் குணகம் என இரண்டு எண்களைப் பிரித்தெடுக்கலாம். இங்கு ஒரு தொல்லை உண்டு: சுற்றியுள்ள திரவமும் தகட்டை இழுக்கிறது, அதிர்வெண் கூடக்கூட அந்த இழுவையும் கூடுகிறது. செல்லைத் தொடாமல் பல உயரங்களில் அசைத்து இழுவையை அளந்து, தொடும் இடத்துக்கான மதிப்பைக் கணித்துக் கழிக்காவிட்டால், திரவத்தின் பாகுத்தன்மையையே செல்லுடையதாக எழுதிவிட நேரும்.

அதிர்வெண்ணை மாற்றி மாற்றி அளந்தால் விறைப்பு ஒரு அடுக்குவிதிப்படி மெதுவாக உயர்கிறது. அடுக்கு 0.2 என்றால், பத்து மடங்கு விரைவாக அசைக்கும்போது விறைப்பு சுமார் 1.6 மடங்காகும். ஒரேயொரு சுருளையும் ஒரேயொரு தணிப்பானையும் இணைத்து வரையும் மாதிரிகளுக்கு இந்நடத்தை அடங்காது என்பதால், ஒற்றைத் தளர்வு நேரத்தை, அதாவது அழுத்திய விசை தணிய ஆகும் ஒரே நேர அளவை, செல்லின் பண்பாகத் தரும் முடிவுகளை நான் ஐயத்தோடுதான் படிக்கிறேன். இந்த விறைப்பில் பெரும்பங்கு, செல்லுக்குள் சட்டகம்போல் அமைந்த ஆக்டின் என்னும் புரத இழைகளுடையது; அவற்றைக் குலைக்கும் மருந்தைச் சேர்த்தால் செல் மென்மையாகிவிடுகிறது.

எம்சிஎஃப்-7 என்னும் மார்பகப் புற்றுநோய்ச் செல்வகையைப் பல ஆய்வகங்கள் பல முறைகளில் அளந்து 2018-இல் ஒப்பிட்டபோது, மீட்சிக் குணகம் ஆயிரம் மடங்கு வரை வேறுபட்டது. இதில் எல்லாமே பிழை அன்று. கூரிய நுனியும் சில மைக்ரோமீட்டர் அகலக் கோளமும் செல்லின் வெவ்வேறு பகுதிகளை, வெவ்வேறு வேகங்களில் உணர்கின்றன. ஆகவே தனித்த எண்ணைவிட, ஒரே நுனியால் ஒரே வேகத்தில் எடுத்த ஒப்பீட்டுக்கே மதிப்பு அதிகம். 2007-இல் புற்றுநோயாளிகளின் நுரையீரல் உறைத் திரவத்திலிருந்து எடுத்த செல்களில், பரவும் புற்றுச்செல்கள் இயல்பான செல்களைவிட சுமார் 70 விழுக்காடு மென்மையானவை என்று கண்டார்கள். அந்த முடிவு வலுப்பெறுவது, இருவகைச் செல்களையும் ஒரே நோயாளியின் திரவத்திலிருந்தே எடுத்து ஒரே விதமாக அளந்ததால்தான்.