மார்கழித் தண்ணீரில் கொடுவா

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் இருக்கிறேன், எண்ணூர் ஆற்றில் தூண்டில் போடுகிறவன். வலைக்காரன் இல்லை, மீன் விற்றுப் பிழைக்கிறவனும் இல்லை, ஆனால் கொடுவா என்றால் சோறு தண்ணீர் மறந்துபோகிற ஆள். மழை ஓய்ந்து வாடைக்காற்று வீச ஆரம்பித்ததும் நம்ம பக்கத்துப் பையன்கள் ராடு, ரீல் எல்லாவற்றையும் பரண்மேல் ஏற்றிவிடுகிறார்கள். கேட்டால் "குளிருக்குக் கொடுவா வாய் திறக்காது அண்ணே" என்கிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். திறக்கும். கோடையில் போகிற நேரத்துக்கே போய், கோடையில் இழுக்கிற வேகத்திலேயே இழுத்தால் மட்டும் திறக்காது.

மீனுக்கு நம்மைப் போல சொந்தமாக உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் என்ன சூடோ மீனும் அதே சூடு. தண்ணீர் பத்து டிகிரி குளிர்ந்தால் மீனின் உடம்புக்குள் நடக்கிற வேலை ஏறக்குறைய பாதியாகிவிடும், தின்றது மெதுவாகத்தான் செரிக்கும், அடுத்த பசி தள்ளிப்போகும். கொடுவா 26 முதல் 30 டிகிரி வரைக்கும் நன்றாக இரையெடுக்கும், 20-க்குக் கீழே போனால் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். நம்ம சென்னையில் இருக்கிற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம்தான் 1997-இல் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கொடுவாவைப் பொரிப்பகத்தில் குஞ்சு பொரிக்க வைத்தது, அதற்கப்புறம் குளம் வெட்டிக் கொடுவா வளர்க்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். குளிர் ஏறினால் தீவனத்தைக் குறைக்க வேண்டும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். குறைப்பார்கள், நிறுத்த மாட்டார்கள். அதிலும் சென்னையில் ஜனவரி விடியற்காலையில் காற்றே 20, 21 டிகிரிக்குத்தான் இறங்குகிறது. இதற்குப் போய் மீன் பட்டினி கிடக்குமா?

பையன்கள் செல்போனில் அமெரிக்கக்காரர்கள் பனிக்கு நடுவில் பாஸ் என்கிற மீனைப் பிடிக்கிற வீடியோக்களைப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், அதில் நமக்குப் பாடம் இருக்கிறது. அந்தப் பெரியவாய் பாஸ் ஏரி மீன், நம்ம கொடுவா உப்புத் தண்ணீரிலும் நல்ல தண்ணீரிலும் போய்வருகிற மீன், இரண்டும் வேறு வேறு குடும்பம். ஆனாலும் அங்கே தண்ணீர் 5, 6 டிகிரிக்கு வந்தபிறகும் பாஸ் மாட்டுகிறது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும், அதனால் மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் 4 டிகிரித் தண்ணீர் நிற்கும், மீன்கள் அந்த ஆழத்தில் போய்ச் சேர்ந்துகொள்ளும். முங்கவும் முங்காமல் மிதக்கவும் மிதக்காமல் நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கிற ஒரு லூரை, அதாவது செயற்கை இரையை, அதன் கண்முன் கொண்டுபோய், ஒரு சின்னச் சுண்டு சுண்டிவிட்டு, பத்து நொடி, இருபது நொடி என்று அசைக்காமல் விடுவார்கள். அந்த நிறுத்தத்தில்தான் பாஸ் கவ்வும். மதியச் சாப்பாடு முடித்துத் திண்ணையில் சாய்ந்திருப்பவர் கைக்கு எட்டிய பலகாரத்தை எடுப்பார், தெருமுனைக்கு வந்து வாங்கிக்கொள் என்றால் எழுந்திருக்க மாட்டார் இல்லையா, குளிரில் கிடக்கிற மீனும் அப்படித்தான். இங்கே இருபது நொடியெல்லாம் தேவையில்லை, மூன்று நான்கு நொடி நிறுத்தினாலே போதும், ஆனால் அந்த மூன்று நொடியைக்கூட நம்மவர்கள் தருவதில்லை, கிர்ரென்று ரீலைச் சுற்றிவிடுகிறார்கள்.

இப்போது எங்கே நிற்பது. மழைக்காலம் முடிந்த கையோடு, எண்ணூரில் கடலில் சேருகிற கொசஸ்தலை ஆற்றில் இறங்கி வருகிற தண்ணீர் நல்ல தண்ணீர், எடை குறைவு. கடலிலிருந்து ஏறுகிற உப்புத் தண்ணீர் கனம், அது அடியில் புகுந்துகொள்ளும். இரவுப் பனியில் மேல்தண்ணீர் குளிர்ந்துபோனாலும் உப்பு இல்லாததால் கீழே இறங்காது, அடியில் இருக்கிற உப்புத் தண்ணீர் மேல்தண்ணீரைவிடக் கதகதப்பாக இருக்கும். கொடுவா அங்கேதான் கிடக்கும். கோடையில் மேலாகப் போட்டு இழுத்த லூரை மார்கழியில் அடி தொட வையுங்கள், தரையில் ஈயம் தட்டுகிறதா என்று விரலால் பார்த்துப் பார்த்து இழுங்கள்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். தூண்டில் என்றால் விடியற்காலை என்று நமக்குப் பழகிவிட்டது. பனிக்காலத்தில் விடியற்காலைதான் தண்ணீர் மிகவும் குளிர்ந்திருக்கும் நேரம், அப்போது போய் நடுங்கிவிட்டு எட்டு மணிக்கு வெறுங்கையோடு திரும்பிவிடுகிறார்கள். பதினொரு மணிக்குமேல் போங்கள். அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களாகப் பார்த்துப் போங்கள். சென்னைக் கரையில் அந்த நாள்களில் காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் ஓதம், அதாவது கடல் ஏற்றம், உச்சிக்கு வரும், மதியம் மூன்று மணி வாக்கில் தண்ணீர் இறங்கி வத்தம், ஆற்றுக்குள்ளே போகப் போகக் கொஞ்சம் தாமதமாகும். நம்ம கடலில் ஓதத்துக்கும் வத்தத்துக்கும் உள்ள ஏற்ற இறக்கம் அந்த நாள்களில்கூட ஏறத்தாழ ஒரு மீட்டர்தான், ஆனால் ஆறு ஆழமில்லாததால் அந்த ஒரு மீட்டரிலேயே பெரிய பெரிய சேற்றுத்திட்டுகள் முங்கி எழுந்துவிடும். காலையில் திட்டின்மேல் முழங்கால் அளவுக்குப் பரவி நிற்கிற தண்ணீர் வெயிலில் நன்றாகச் சூடேறும். வத்தம் இழுக்கும்போது அந்தச் சூடான தண்ணீர் முழுவதும் சின்னச் சின்ன ஓடைகள் வழியாக ஆழத்துக்கு வடியும், அதோடு இறாலும் மடவைக் குஞ்சும் அடித்துக்கொண்டு வரும். ஓடை வாயில், கலங்கலும் தெளிவும் சேருகிற கோட்டுக்கு ஓரடி இந்தப் பக்கம், கொடுவா தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துக்கொண்டு நிற்கும். இடம் அதுதான், அங்கே போடுங்கள்.

இரைக்கு உயிர் இறாலோ விரல் நீள மடவையோ இருந்தால் லூரே வேண்டாம். இறாலைத் தலையிலிருக்கும் கொம்புக்கு அடியில், உள்ளே தெரிகிற கறுப்புப் புள்ளியில் படாமல் முள்ளில் கோர்த்தால் வெகுநேரம் உயிரோடு துள்ளும். ஈயம் சின்னதாகப் போடுங்கள், ஓட்டமே இரையைக் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். கோடையில் கொடுவா கவ்வினால் துப்பாக்கி சுட்ட மாதிரி "டப்" என்று சத்தமே கேட்கும், குளிரில் அப்படி எதிர்பார்க்காதீர்கள். ஓட்டத்தோடு போய்க்கொண்டிருந்த தூண்டில் நரம்பு சும்மா நின்றுவிடும், இல்லையென்றால் பக்கவாட்டில் ஒரு சாண் நகரும், அவ்வளவுதான். உடனே வெட்டி இழுக்காதீர்கள். நரம்பு இறுகும்வரை பொறுத்துவிட்டு ராடை நிதானமாகத் தூக்குங்கள். முள்ளுக்கு மேலே ஒரு முழத்துக்காவது தடித்த நரம்பு கட்டியிருக்க வேண்டும், கொடுவாவின் செவுள் மூடி ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும், நரம்பையும் அறுக்கும், கையையும் அறுக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குளிர் நாடுகளில் மின் நிலையத்துச் சுடுதண்ணீர் விழுகிற ஏரிகளில் பனிக்காலத்தில் பாஸ் கூட்டமாக வந்து நிற்கும் என்று அதையே தேடிப்போய்ப் பிடிப்பார்கள். நமக்கும் எண்ணூரில் அனல் மின் நிலையச் சுடுதண்ணீர் விழுகிறது, அப்படியானால் அங்கே போகலாமா என்று பையன்கள் கேட்கிறார்கள். போகாதீர்கள். நம்ம தண்ணீர் ஏற்கெனவே மீனுக்குப் போதுமான சூட்டில்தான் இருக்கிறது, அதன்மேல் கொதிக்கக் கொதிக்கக் கொட்டினால் மீன் விலகித்தான் போகும். போதாக்குறைக்குச் சாம்பல் படிந்து ஓடைகள் தூர்ந்துபோய்விட்டன, நான் இவ்வளவு நேரம் சொன்ன அந்த ஓடை வாய்கள் பல இடங்களில் இப்போது இல்லவே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுவதும் படர்ந்தது, காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பத்து ஆள்கள் படகிலும் வலையிலும் ஒட்டிய தாரை வழித்தெடுத்ததை நீங்களும் டிவியில் பார்த்திருப்பீர்கள். கையால் தடவி இறால் பிடித்து வயிறு கழுவுகிற இருளர் சனங்களுக்கு அந்தத் தண்ணீரில்தான் இறங்கியாக வேண்டியிருந்தது. நமக்குக் கொடுவா பொழுதுபோக்கு, அவர்களுக்கு அந்த ஆறு அடுப்பு எரிகிற விஷயம். அவர்கள் வலை கட்டியிருக்கிற இடத்தில் தயவுசெய்து தூண்டில் வீசாதீர்கள், நாலு வார்த்தை கேட்டுவிட்டுத் தள்ளிப்போய் நில்லுங்கள்.

அப்புறம், பெரிய மீன் மாட்டினால். கொடுவா முதலில் ஆணாகத்தான் முதிரும், சில வருடம் கழித்து வளர்ந்து பெரிதானபிறகே பெண்ணாக மாறும். அதனால் ஐந்து, ஆறு கிலோவில் வருவது பெரும்பாலும் முட்டையிடுகிற மீனாகத்தான் இருக்கும், அது முகத்துவாரத்துப் பக்கம் உப்புத் தண்ணீருக்கு இறங்கிப் போய்தான் முட்டையிடும். குழம்புக்கு இரண்டு கிலோ மீனே தாராளம், ருசியும் அதில்தான் அதிகம் என்பது என் கட்சி. பெரியதைத் தண்ணீருக்கு வெளியே தூக்காமலேயே முள்ளை எடுங்கள், ஒரு கை வாலடியிலும் ஒரு கை வயிற்றடியிலும் வைத்து ஓட்டத்துக்கு எதிராகப் பிடியுங்கள், குளிரில் அதற்கு மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆகும், அதுவாக வாலை அடித்துத் திமிறுகிறவரை விடாதீர்கள். தை அமாவாசைக்கு முந்தின நாளும் மறுநாளும் மதியம் நான் ஆற்றோரம்தான் இருப்பேன், வருகிறவர்கள் இறால் கொண்டு வாருங்கள், கோர்ப்பது எப்படி என்று கையிலேயே காட்டுகிறேன். நன்றி, வணக்கம்.