நாலு பேர குடுத்து ஒரு ஸ்டார வாங்கலாமா? பேஸ்பால் ட்ரேட் சந்தேகம்

அடுத்த கேள்விக்கு வருவோம். "ப்ரோ, எங்க டீம்ல பெஞ்ச்ல உக்காந்திருக்கற நாலு பேர குடுத்துட்டு ஒரு பெரிய ஹிட்டர கேட்டா ஏன் ஒத்துக்க மாட்டாங்க, நாலுக்கு ஒண்ணுன்னா அவங்களுக்குத்தான லாபம்"னு கேட்ருக்காரு.

லாபம் எங்க இருக்கு? உங்களுக்கு வேண்டாதவங்கள அவங்க தலையில கட்டப் பாக்குறீங்க, அவ்வளவுதான். மெயின் ரோஸ்டரே, அதாவது மேட்ச் ஆடற டீம் லிஸ்ட்டே, 26 பேரு, நாலு பேரு உள்ள வந்தா அவங்க யாரையோ வெளிய அனுப்பணும்ல.

2022 ஆகஸ்ட்ல வாஷிங்டன் நேஷனல்ஸ் டீம் அவங்க ஸ்டார் ஹிட்டர் ஹுவான் சோட்டோவ சான் டியாகோ பாட்ரேஸ் டீமுக்கு குடுத்தாங்க ஞாபகம் இருக்கா? அவருக்கு அப்போ 23 வயசு, 15 வருஷத்துக்கு 440 மில்லியன் டாலர் தரோம்னு நேஷனல்ஸ் சொல்லியும் வேணாம்னுட்டாரு, ஆனா ஃப்ரீ ஏஜென்ட் ஆக, அதாவது இஷ்டப்பட்ட டீமுக்குப் போக, 2024 சீசன் முடியணும், அதாவது வாங்கற டீமுக்கு ரெண்டரை வருஷம் கைல இருக்கும். ஒத்திக்கு வீடு பாக்கறப்போ எத்தன வருஷம்னு கேட்டுட்டுத்தான விலை பேசுவோம், அதே கணக்குதான். கடைசி எடத்துல கெடந்த நேஷனல்ஸும் பெஞ்ச் ஆளுங்கள கேக்கல, ஏப்ரம்ஸ், கோர், ஹாசல், அப்பறம் மைனர் லீக்ல, அதாவது பெரிய லீக்குக்கு கீழ பசங்க வளர்ற லீக்ல, இருந்த 19 வயசு ஜேம்ஸ் வுட், 18 வயசு சுசானானு பூரா இளங்கன்னா புடிச்சாங்க. சோட்டோவோட ஜோஷ் பெல்லும் போனாரு. ஏப்ரம்ஸ் 2024லயும் கோரும் வுட்டும் 2025லயும் ஆல் ஸ்டார் மேட்ச்சுக்கு செலக்ட் ஆயிட்டாங்க, பாருங்க.

அதுல ஒரு கூத்து நடந்துச்சு. எரிக் ஹாஸ்மர்னு பாட்ரேஸ் ப்ளேயர் ஒருத்தர், 8 வருஷம் 144 மில்லியன் டாலர் கான்ட்ராக்ட், அவரையும் இதுலயே சேத்து அனுப்பிடலாம்னு பாட்ரேஸ் பாத்தாங்க. அவரு கான்ட்ராக்ட்ல இன்னின்ன டீமுக்கு என்ன அனுப்பக்கூடாதுன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, அதுல நேஷனல்ஸும் இருக்கு, மாட்டேன்னுட்டாரு. அப்பறம் என்ன, அவருக்கு பதிலா லூக் வாய்ட்னு இன்னொரு ப்ளேயர சேத்து ட்ரேட்ட முடிச்சாங்க, அன்னைக்கே ஹாஸ்மர பாஸ்டனுக்கு அனுப்பிட்டாங்க. அப்படி லிஸ்ட் இல்லாட்டியும் பத்து வருஷம் பெரிய லீக்ல ஆடி அதுல கடைசி அஞ்சு வருஷம் ஒரே டீம்ல இருந்தா ப்ளேயர் சம்மதம் இல்லாம நகத்த முடியாது. நீங்க பேப்பர்ல எழுதற ட்ரேட்ல பாதி இங்கயே அடிபட்டுரும்.

அதே சோட்டோவ 2023 டிசம்பர்ல பாட்ரேஸ் நியூயார்க் யாங்கீஸுக்கு குடுத்தப்போ ஒரே வருஷம்தான் பாக்கி, கூடவே க்ரிஷம்னு ஒரு ப்ளேயரையும் குடுத்து மைக்கேல் கிங், ட்ரூ தார்ப்னு அஞ்சு பேர வாங்குனாங்க, ஆனா வுட் மாதிரி ஒரு பையன் அதுல இல்ல, என் கணக்குல அது பாதி விலைதான்.

அதனால ப்ரோ, அந்த ஹிட்டருக்கு இன்னும் எத்தன வருஷம் பாக்கி இருக்கு, உங்க மைனர் லீக்ல எந்த பையன விட மனசு வராதுனு பாத்து திரும்ப எழுதி அனுப்புங்க, அடுத்த வீடியோல பிரிச்சு மேஞ்சுரலாம்.