பேட்டன் போன பிறகும் இருந்தவர்கள்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே அரிசோனா போகிற நெடுஞ்சாலையில் சிரியாகோ சம்மிட் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே அமெரிக்க டாங்கிப் படைத் தளபதி ஜெனரல் ஜார்ஜ் பேட்டன் பெயரில் ஓர் அருங்காட்சியகம். சுற்றிலும் பழைய டாங்கிகள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கப் படை அங்கே நடத்திய பாலைவனப் பயிற்சி மையம் என்றாலே அவர் பெயர்தான் முதலில் வரும். ஆனால் அவர் அங்கே இருந்தது ஏறக்குறைய நான்கு மாதம்தான். 1942 ஆகஸ்ட் பிறப்பதற்குள் வட ஆப்பிரிக்கப் படையெடுப்புக்குத் தயார் செய்யக் கிளம்பிவிட்டார். அவருக்குப் பிறகு ஒன்றே முக்கால் ஆண்டு அந்த முகாம்கள் நடந்தன. அந்தக் காலத்தில் அங்கே வெந்தவர்களைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

1942 தொடக்கத்தில் ஜெர்மானியத் தளபதி ரோமலின் படை வட ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷாரைத் திணறடித்துக்கொண்டிருந்தது. அமெரிக்கப் படைக்கோ பாலைவனப் போர் பழக்கமே இல்லை. பேட்டன் தேர்ந்தெடுத்த நிலத்தில் மக்கள் குறைவு, ரயில் பாதைகள் உண்டு. கொலராடோ ஆற்று நீரை நகரங்களுக்குக் கொண்டுபோகும் கால்வாயும் பக்கத்திலேயே ஓடியது. கேம்ப் யங் என்ற முகாம் தலைமையகம் ஆனது. பிறகு அரிசோனா, நெவாடா வரை எல்லை விரிந்து, பத்துக்கும் மேற்பட்ட முகாம்கள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்தாயிரம் பேர், படுக்கை கூடாரத்தில்தான். கோடையில் நிழலிலேயே வெயில் 45 டிகிரியைத் தாண்டும். டாங்கிக்குள் இரும்பைத் தொட்டால் கை கொப்பளித்துவிடும். தண்ணீரை அளந்துதான் கொடுத்தார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் இங்கே பயிற்சி பெற்றதாகச் சொல்வார்கள்.

இதில் பலர் பிறகு பாலைவனத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. 1943 மே மாதம் துனிசியாவில் எதிரிகள் சரணடைந்ததும் ஆப்பிரிக்கப் போர் முடிந்துவிட்டது. மையத்தின் பெயரை மாற்றிப் பொதுப் பயிற்சிக்களம் ஆக்கினார்கள். கறுப்பின வீரர்களைக் கொண்ட 93-ஆம் காலாட்படை டிவிஷன் இந்த மணலில் பயிற்சி முடித்து, 1944-இல் பசிபிக் தீவுகளின் மழைக்காட்டுக்குப் போனது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

1944 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு எல்லாம் மூடப்பட்டது. கூடாரத்தைச் சுருட்டினால் முகாமே போய்விடும் அல்லவா? போகவில்லை. அயர்ன் மவுண்டன் முகாமில் அந்தப் பையன்கள் நடைபாதைக்கு இருபுறமும் கையளவுக் கற்களைப் பொறுக்கிக் கோடு பிடித்தாற்போல் அடுக்கியிருக்கிறார்கள். வழிபாட்டுக்குக் கல்லாலேயே பலிபீடம் கட்டியிருக்கிறார்கள். பயிற்சி நிலம் முழுவதையும், மலை மலையாகக் குவித்து, தரையிலேயே பெரிய வரைபடமாகச் செய்திருக்கிறார்கள். இத்தனை வெயிலில், பயிற்சி முடிந்து களைத்து வந்தவர்கள், நாளைக்கு எங்கே அனுப்புவார்களோ தெரியாதவர்கள், தாங்கள் இருக்கிற இடம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்று கல் அடுக்கினார்கள்! எந்தத் தளபதியின் சிலையைவிடவும் எனக்கு இது பெரிது.

அவை அழியாததற்குக் காரணம் அந்தத் தரைதான். சிறுகற்கள் நெருங்கிப் படிந்து, மேற்புறம் கருத்து இறுகிய தரை அது. அப்படி ஆக ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். டாங்கி ஒருமுறை ஏறினால் கல் புரண்டு வெளிறிய மண் தெரியும்; அந்த வடு ஆறாது. கற்கோடுகளை எண்பது ஆண்டுகளாகக் காத்ததும், டாங்கித் தடத்தை மறைக்க முடியாமல் வைத்திருப்பதும் ஒரே குணம். 1964-இல் அதே நிலத்தில் இன்னொரு பெரிய ஒத்திகையும் நடந்தது. ஆகவே அங்கே தெரிகிற தடமெல்லாம் பேட்டன் காலத்துத் தடம் என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

அந்தப் பக்கம் போக வாய்த்தால், வண்டியை ஏற்கெனவே போட்டிருக்கும் பாதையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போங்கள். நினைவுக்காக ஒரு கல்லைக்கூட எடுக்காதீர்கள். துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடவே தொடாதீர்கள். வெடிக்காத குண்டுகள் இன்னும் மண்ணில் கிடக்கின்றன.