பெரியத்தைக்குத் தெரியாத ஸ்டேட்டஸ்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். கூட்டம் ஆரம்பிக்கும் முன் முன்வரிசைத் தம்பி ஒருவர் எழுந்து செல்ஃபி எடுத்தார். பின்னால் இருந்த பத்துப் பேரும் அதில் விழுந்திருப்போம். எங்கே போடப் போகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, தலைமுடியைச் சரிசெய்துகொண்டேன். பேச வந்ததே அதைப் பற்றித்தான்: நம் படமும் தகவலும் யார் கண்ணில் படலாம் என்கிற தனியுரிமை.

போன மாதம் அண்ணன் மகளோடு சில்வர் பீச்சுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் படிக்கிறாள். சுண்டல் பொட்டலத்தைப் பிரிக்கும் முன் இரண்டு படம் எடுத்தாள். உடனே வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவாள் என்று பார்த்தால், ஒரு பட்டியலைத் திறந்து ஒவ்வொரு பெயராகத் தட்டிக்கொண்டிருந்தாள். விழுப்புரம் பெரியத்தை, நெய்வேலி மாமா, அப்பாவின் ஆபீஸ்காரர், எதிர்வீட்டு ஆயா. “இவங்க யாரும் பாக்கக் கூடாது சித்தப்பா” என்றாள். மொத்தம் 43 பேர். சுண்டல் ஆறிப்போனது.

திரும்பும் வழியில் லாரன்ஸ் ரோட்டில் ஒரு துப்பட்டா வாங்கினாள். பில் போடுகிறவர், “நம்பர் சொல்லும்மா” என்றார். பத்து இலக்கத்தையும் கடகடவென்று ஒப்பித்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழுந்தது. எதற்கு என்று இவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சொந்தக்காரரிடம் படத்தை மறைத்துவிட்டு, முன்பின் தெரியாத கடைக்கு நம்பரைக் கொடுக்கிறோமே, ஆராய்ச்சியாளர்கள் இதை முரண்பாடு என்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. பெரியத்தை படத்தைப் பார்த்தால் ராத்திரிக்குள் அண்ணிக்கு போன் வந்துவிடும். கம்பெனிக்காரன் பார்த்தால் யாருக்கு போன் வரப்போகிறது? சங்க அகப்பாடல்களில் தலைவன், தலைவி இருவர் பெயரையுமே சொல்லக் கூடாது என்பது விதி. அங்கே காதலர்களைப் பாடாய்ப்படுத்துவது அரசன் அல்ல, அலர் தூற்றுகிற, அதாவது வம்பு பேசுகிற ஊர். நமக்கு ஊரிடமிருந்து ஒளிந்துதான் பழக்கம். கம்பெனிக்காரனின் கம்ப்யூட்டர் சர்வரிடமிருந்து ஒளிந்து பழக்கமில்லை.

பெண்களைக் கேட்டால் இன்னும் தெளிவாகச் சொல்வார்கள். நம் வீட்டு அம்மாக்களின் டிபியைப் பாருங்கள்: சாமி படம், ரோஜாப்பூ, பேரன் படம். விவரம் தெரியாமல் அப்படி வைத்திருக்கவில்லை. முகத்தை வெட்டி ஒட்டிவிடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. ஒரே போனை வீட்டில் நாலு பேர் எடுக்கிற இடத்தில், தம்பி கையில் கொடுக்கும் முன் வாட்ஸ்அப் பேச்சை அழிப்பதும் தற்காப்புதான். எந்த செட்டிங்ஸ் பாடத்திலும் அது வராது.

அப்புறம் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அலெசாண்ட்ரோ அக்விஸ்டியும் கூட்டாளிகளும் 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. அமெரிக்காவில் ஒரு வணிக வளாகத்துக்கு வந்தவர்களில் சிலருக்கு 10 டாலர் பரிசு அட்டை கொடுத்தார்கள். அதில் என்ன வாங்கினாலும் பெயரோடு பதிவாகாது. சிலருக்கு 12 டாலர் அட்டை. வாங்குவது பெயரோடு பதிவாகும். வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். 10 டாலர் அட்டை முதலில் கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதையே வைத்துக்கொண்டார்கள். 12 டாலர் கிடைத்தவர்களில் பத்தில் ஒருவர்தான் மாறினார். கையில் எது முதலில் வந்ததோ, மனசு அதிலேயே நின்றுவிடுகிறது. பெரியவர்கள் இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கினால் அது எல்லோருக்கும் திறந்தேதான் இருக்கும், நாமே போய்ப் பூட்டினால் தவிர. சரி, எத்தனை பேர் பூட்டினோம்?

திறந்து வைப்பதே தப்பு என்றும் சொல்ல மாட்டேன். 2015 வெள்ளத்தில் பெயர், தெரு, செல் நம்பர் எல்லாம் போட்டுத்தான் பாலும் படகும் கேட்டோம். அன்றைக்கு யாராவது தனியுரிமை பற்றிப் பேசியிருந்தால் அடித்தே இருப்பேன்.

ஆனால் ஒரு கணக்கு மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு செயலி மூலம் ஃபேஸ்புக்காரர்களின் தகவலை எடுத்து அரசியல் பிரசாரத்துக்குப் பயன்படுத்தியதாகப் புகாருக்கு ஆளான நிறுவனம் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா. 2018-ல் அந்த விவகாரம் வெடித்தபோது ஃபேஸ்புக்கே சொன்னது. உங்கள் குணம் என்ன என்று கேள்வி கேட்கிற அந்தச் செயலியை இந்தியாவில் போட்டுக்கொண்டவர்கள் 335 பேர். கல்யாண மண்டபத்தில் ஒரு பந்திக் கூட்டம், அவ்வளவுதான். அவர்கள் மூலம் தகவல் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர். மற்றவர்கள் எதையும் தொடவே இல்லை. 335 பேரோடு நட்பு வட்டத்தில் இருந்தார்கள், அதுதான் அவர்கள் செய்த ஒரே காரியம்.

அதனால்தான் ‘என் போன், என் இஷ்டம்’ என்ற பேச்சு எனக்கு ஒட்டவில்லை. 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் தகவலை எடுக்கப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. கம்பெனிக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. சொந்த, வீட்டு உபயோகத்துக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அப்பனோ சித்தப்பனோ படம் போட்டால்?

நான் போட்டிருக்கிறேன். அண்ணன் மகளுடைய மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தெருமுனையில் பத்தடி ஃபிளெக்ஸ் வைத்தோம். அந்த ஃபிளெக்ஸையே போட்டோ எடுத்து, பெயர், தேதி, மண்டபம் எல்லாம் தெரிய ஃபேஸ்புக்கில் ஏற்றினேன். ஃபிளெக்ஸ் மூன்றாம் நாள் காற்றில் கிழிந்துவிட்டது. ஃபேஸ்புக் படம் அப்படியே இருந்தது. அன்றைக்கு பீச்சில் 43 பேரையும் தட்டி முடித்த பிறகு என் பக்கம் திரும்பி, “அந்தப் படத்த எடுத்துடுங்களேன் சித்தப்பா, காலேஜ்ல ஒருத்தி கண்டுபிடிச்சுட்டா” என்றாள். அங்கேயே நீக்கினேன். பிறகுதான் பார்த்தேன், அதே படம் அவள் அப்பா பக்கத்திலும் இருக்கிறது, பெரியத்தை பக்கத்திலும் இருக்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். போனைத் தூரமாகப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்லாத்தானடா இருக்கா, எதுக்கு எடுக்கணும்?” என்றார்.