மூன்று பேருக்கு மூன்று விடைகள்: தொகையீட்டு வினாவை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

[காட்சி: பம்பலப்பிட்டி, காலி வீதி. வெள்ளைச் சீருடையில் மூன்று மாணவர்கள் பேருந்துத் தரிப்பிடத்தில் நிற்கிறார்கள்.]

வணக்கம். உயர்தர இணைந்த கணிதத்தின் முதலாம் வினாத்தாளை மூன்று மணித்தியாலங்கள் எழுதிவிட்டு வெளியே வருபவர்கள், வெள்ளவத்தைப் பக்கம் செல்லும் 100ஆம் இலக்கப் பேருந்து வந்து நிற்பதற்கு முன்னரே, "தொகையீட்டுக்கு உனக்கு என்ன மச்சான் வந்தது?" என்று ஒருவரையொருவர் கேட்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலை எப்படி எடுத்துக்கொள்வது என்பதையே இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 25 புள்ளிகள் வீதம் பத்து வினாக்களைக் கொண்ட பகுதி ஏ-க்கு வினாத்தாளிலேயே விடை எழுதிக் கொடுத்துவிடுகிறோம். பரீட்சை மண்டபத்துக்கு வெளியே கொண்டுசெல்ல அனுமதிக்கப்படுவது பகுதி பீ மட்டுமே. ஆகவே, பகுதி ஏ-இல் வந்த வினாவைப் பற்றிப் பேசுபவர்கள் விடையை மட்டுமன்றி வினாவையும் நினைவிலிருந்தே சொல்கிறார்கள். ஒருவர் "இரண்டு எக்ஸ்" என்றும் மற்றவர் "எக்ஸ்" என்றும் நினைவுகூர்ந்தபடி அரை மணித்தியாலம் வாதாடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். விடையைக் கேட்பதற்கு முன்னர் வினாவை ஒரு தாளில் எழுதி மூவரும் ஒப்புக்கொள்வது நல்லது.

[திரையில்: சைன் எக்ஸ், கோசைன் எக்ஸ் ஆகியவற்றின் பெருக்கத்தை எக்ஸ் குறித்துத் தொகையிடுக.]

வினா இதுதான் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் சைனைப் பிரதியீடாக எடுத்து, சைன் வர்க்கத்தின் அரைவாசி என்ற விடையைப் பெறுகிறார். இரண்டாமவர் கோசைனைப் பிரதியீடாக எடுத்ததால், அவருக்குக் கோசைன் வர்க்கத்தின் அரைவாசி சய அடையாளத்துடன் வருகிறது. மூன்றாமவர் இரட்டைக் கோணச் சூத்திரத்தால் பெருக்கத்தைச் சுருக்கி, கோசைன் இரண்டு எக்ஸின் கால்வாசியைச் சய அடையாளத்துடன் எழுதியிருக்கிறார். ஒருவரின் விடையில் நேர் அடையாளம் இருக்கிறது, மற்ற இருவரின் விடைகளில் மறை அடையாளம் இருக்கிறது. மூன்றிலும் குணகங்களும் ஒத்துவரவில்லை. மூவரில் இருவருக்காவது பிழைத்துவிட்டது என்றே தரிப்பிடத்தில் நிற்பவர்கள் முடிவுசெய்வார்கள்.

ஆனால், மூன்றும் சரியானவை. முதலாமவரின் விடையிலிருந்து இரண்டாமவரின் விடையைக் கழித்தால், சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் கூடி ஒன்றாகிவிடும் என்பதால், எஞ்சுவது அரை என்ற எண் மட்டுமே. முதலாமவரின் விடையிலிருந்து மூன்றாமவரின் விடையைக் கழித்தால் கால் எஞ்சுகிறது. இந்த அரையும் காலும் எக்ஸைச் சார்ந்திராத மாறிலிகள் என்பதால் அவற்றை எதேச்சை மாறிலி, அதாவது விடையின் இறுதியில் சேர்க்கும், எந்த எண்ணாகவும் இருக்கக்கூடிய மாறிலி, ஏற்றுக்கொள்கிறது. மாறிலியின் பெறுதி பூச்சியம். எனவே மூன்று விடைகளில் எதை வகையிட்டாலும் வினாவில் தரப்பட்ட சார்பே மீண்டும் கிடைக்கும். இறுதி வரியில் எதேச்சை மாறிலியைச் சேர்க்கும்படி ஆசிரியர்கள் ஓயாமல் வற்புறுத்துவதைப் பலர் வெறும் சம்பிரதாயம் என்று எண்ணுகிறார்கள். அந்த மாறிலி இல்லாவிட்டால் இந்த மூன்று விடைகளும் ஒன்றுக்கொன்று முரண்பட்டுவிடும்.

இதே காரணத்தால், ஒன்றின் கீழ் இரண்டு எக்ஸைத் தொகையிடும்போது ஒருவருக்கு மடக்கைக்குள் எக்ஸும் மற்றவருக்கு மடக்கைக்குள் இரண்டு எக்ஸும் வந்தால் பதற வேண்டியதில்லை. மடக்கை இரண்டு என்பதும் ஒரு மாறிலிதான்.

[திரையில்: அதே தொகையீடு. கீழ் எல்லை பூச்சியம், மேல் எல்லை அரைப் பை.]

வரையறுத்த தொகையீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. மேல் எல்லையில் பெறும் பெறுமானத்திலிருந்து கீழ் எல்லையில் பெறும் பெறுமானத்தைக் கழிக்கும்போது மாறிலி தானாகவே நீங்கிவிடுவதால், எந்த முறையில் செய்தாலும் ஒரே எண்தான் வரவேண்டும். இந்த வினாவில் அது அரை. இங்கே விடைகள் வேறுபட்டால் யாரோ ஒருவருக்கு நிச்சயமாகப் பிழைத்திருக்கிறது.

இனி வருவதைச் சற்றுக் கவனமாகப் பாருங்கள். கீழ் எல்லை பூச்சியம் என்றால் அதைப் பிரதியிட்டாலும் பூச்சியமே வரும் என்று எண்ணி, மேல் எல்லையை மட்டும் பிரதியிடும் பழக்கம் மாணவர்கள் பலரிடம் உண்டு. மூவரும் இதே பிழையைச் செய்ததாக வைத்துக்கொள்வோம். கோசைன் வர்க்கத்தைப் பெற்றவருக்குப் பூச்சியம் வருகிறது. கோசைன் இரண்டு எக்ஸைப் பெற்றவருக்குக் கால் வருகிறது. சைன் வர்க்கத்தைப் பெற்றவருக்கோ, பூச்சியத்தில் சைன் உண்மையிலேயே பூச்சியம் என்பதால், அரை என்ற சரியான விடை வந்துவிடுகிறது. இறுதி எண்களை மட்டும் ஒப்பிட்டால் சைன் வர்க்கத்தைப் பெற்ற முதலாமவர் கெட்டிக்காரர் என்றும் மற்ற இருவரும் கவனமற்றவர்கள் என்றும் தோன்றும். உண்மையில் மூவரும் ஒரே பள்ளத்தில்தான் கால் வைத்தார்கள், ஒருவர் மட்டும் விழாமல் தப்பினார். புள்ளிகள் படிமுறைகளுக்குப் பிரித்து வழங்கப்படுவதால், "என்ன விடை?" என்பதைவிடக் "கீழ் எல்லையைப் பிரதியிட்ட வரியில் என்ன எழுதினாய்?" என்று கேட்பதே பயன் தரும். பெரும்பாலும் அந்தக் கேள்விக்குப் பதில் உடனே வருவதில்லை.

விடைகள் ஒத்துப்போவதையும் முழுமையாக நம்பிவிட முடியாது. பரீட்சையில் இப்படிக் கேட்கமாட்டார்கள் என்றாலும், ஒன்றின் கீழ் எக்ஸ் வர்க்கத்தைச் சய ஒன்றிலிருந்து ஒன்று வரை தொகையிடச் சொல்லிப் பாருங்கள். சூத்திரத்தை அப்படியே பயன்படுத்தும் எல்லோருக்கும் சய இரண்டு வரும், எல்லோரும் கைகொடுத்துக்கொள்வார்கள். ஆனால், வளையி முழுவதும் எக்ஸ் அச்சுக்கு மேலே இருக்கும்போது பரப்பளவு மறையாக வர வழியே இல்லை. நடுவிலுள்ள பூச்சியத்தில் அந்தச் சார்பு வரையறுக்கப்படவில்லை. வளையி அங்கே எல்லையின்றி மேலெழுவதால் தொகையீட்டுக்கு முடிவுள்ள பெறுமானமும் இல்லை. வரைபைப் பருமட்டாக வரைந்திருந்தால் அரை நிமிடத்தில் இது தெரிந்திருக்கும்.

[காட்சி: மாலை, வெள்ளவத்தைக் கடற்கரை. தண்டவாளத்துக்கு இப்பால் மூவரும் தாளை விரித்துவைத்திருக்கிறார்கள்.]

எழுதி முடித்த வினாத்தாளை எதற்காகத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் அம்மாவும் கேட்பார், டியூஷன் ஆசிரியரும் கேட்பார். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு; ஆனால் பிரயோக கணிதத்துக்கான இரண்டாம் வினாத்தாள் இன்னும் மீதமிருக்கிறது. அங்கே ஒரு துணிக்கையின் வேகம் செக்கனுக்கு ஆறு சைன் இரண்டு டீ மீற்றர் என்று தரப்பட்டு, நேரம் டீ பூச்சியத்திலிருந்து பையின் கால்வாசி வரையான இடப்பெயர்ச்சி கேட்கப்பட்டால், தொகையிட்டு வருவது சய மூன்று கோசைன் இரண்டு டீ. இரண்டு எல்லைகளையும் பிரதியிட்டவருக்கு இடப்பெயர்ச்சி மூன்று மீற்றர். கீழ் எல்லையை விட்டவருக்குப் பூச்சியம். அதாவது, அவ்வளவு நேரமும் முன்னோக்கியே சென்ற துணிக்கை இருந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை என்று அவருடைய விடை சொல்லும்.