பல்லிக்கு விலை வைக்கிற கணக்கு

நேயர்களுக்கு வணக்கம். சிறுத்தைப் பல்லியை, அதாவது லெப்பர்டு கெக்கோவை, பொழுதுபோக்காக வீட்டில் இனப்பெருக்கம் செய்பவர்கள் அதற்கு எப்படி விலை வைக்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். பல்லிக்கு விலையா என்று சிலர் முகம் சுளிப்பீர்கள், தெரியும். இது சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. விரலில் ஒட்டும் பட்டை கிடையாது, அதனால் கண்ணாடியில் ஏறாது. இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட நிலம்தான் இதற்குப் பூர்வீகம். ஒழுங்காகக் கவனித்தால் 15, 20 ஆண்டுகள்கூட வாழும்.

ஒரு தாய் ஒரு ஈட்டில் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். அந்த இரண்டு குஞ்சுகளும் ஒரே மாவுப்புழுவைத் தின்று, ஒரே அலமாரியில் வளர்கின்றன. ஆனால் ஒன்றுக்குச் சொல்லும் விலை இன்னொன்றைப்போலப் பல மடங்கு இருக்கலாம். அப்படியானால் செலவைக் கூட்டி, மேலே கொஞ்சம் லாபம் வைத்து விலை சொல்வதில்லை என்பது தெரிகிறதல்லவா? புழு, சில்வண்டு, கால்சியம் பொடி, சூட்டுப் பாய், தெர்மோஸ்டாட், மின்சாரம், கால்நடை மருத்துவர் என்று செலவு இருக்கத்தான் செய்கிறது. அதைக் கணக்கெழுதிக் கூட்டிப் பார்ப்பவர்கள் குறைவு. கூட்டிப் பார்த்தால் பொழுதுபோக்கே கசந்துவிடும் என்ற பயம் என்று நினைக்கிறேன்.

விலை எங்கே இருக்கிறது என்று பார்க்க, பல்லியை விட்டுவிட்டு அதன் பெட்டி மூடியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். ஒரு சீட்டில் இப்படி இருக்கும்: 'மேக் ஸ்னோ, 66 சதவீதம் ஹெட் டிரெம்பர் ஆல்பினோ, பெண், வெப்பக் கணிப்பு.' இதில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு உண்டு.

மேக் ஸ்னோ என்பது கண்ணுக்குத் தெரியும் நிறம். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும், குஞ்சில் தெரிந்துவிடும். அதனால் வேகமாகப் பரவியது, பரவியதால் மலிந்தது. ஆல்பினோ, அதாவது கறுப்பு நிறமி இல்லாத வெளிர் நிறம், அப்படியல்ல. இரு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். ஒரு பக்கம் மட்டும் வந்தால் உள்ளே ஒளிந்திருக்கும். அப்படிச் சுமக்கிற பல்லியைத்தான் ஹெட் என்கிறார்கள். இரண்டு ஹெட்களைச் சேர்த்தால் சராசரியாக நாலு குஞ்சில் ஒன்று ஆல்பினோ, இரண்டு ஹெட், ஒன்று வெறும். ஆல்பினோவைத் தனியே எடுத்துவிட்டால் மீதி மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அந்த மூன்றில் இரண்டு ஹெட் என்பதுதான் 66 சதவீதம். ஆக, வாங்குபவர் விலை கொடுப்பது ஒரு வாய்ப்புக்கு. ஏறக்குறைய லாட்டரிச் சீட்டு. பரிசு விழுந்ததா என்று தெரிய அந்தப் பெண் வளர்ந்து, 45, 50 கிராம் எடைக்கு வந்து, முட்டையிட்டு, குஞ்சு பொரிக்க வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை விற்றவரின் குறிப்பேடுதான் சாட்சி. ஒழுங்காகக் குறிப்பெழுதுபவர் அதே பல்லிக்கு அதிகம் கேட்கிறார் என்றால் அது நியாயம் என்பேன்.

ஆல்பினோவிலேயே டிரெம்பர், பெல், ரெயின்வாட்டர் என்று மூன்று வம்சங்கள். ஒன்றோடொன்று சேர்த்தால் பிறக்கும் குஞ்சு சாதாரண நிறத்தில் இருக்கும், இரண்டையும் உள்ளே சுமந்துகொண்டு. எது எந்த வம்சம் என்று அடுத்த தலைமுறையில் யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. கலந்துவிட்டது என்று தெரிந்தால் இனப்பெருக்கம் செய்கிறவர் யாரும் அதைத் தொடமாட்டார்.

அடுத்தது 'பெண், வெப்பக் கணிப்பு.' இந்தப் பல்லியில் ஆணா பெண்ணா என்பதை முட்டை அடைகாக்கும் சூடு தீர்மானிக்கிறது. 26 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் பெரும்பாலும் பெண், 32 தாண்டினால் பெரும்பாலும் ஆண், 34-க்கு மேல் போனால் மறுபடியும் பெண். ஓர் ஆண் பல பெண்களுக்குப் போதும், இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். எனவே பெண்ணுக்குக் கிராக்கி. இன்குபேட்டரின் சூட்டைத் திருப்பும்போதே விற்பவர் பாதி விலையை நிர்ணயித்துவிடுகிறார்.

புது நிறம் ஒன்று வந்தால் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் யானை விலை குதிரை விலை. வாங்குபவரும் அழகுக்காக மட்டும் கொடுப்பதில்லை, குஞ்சு விற்றுப் போட்டதை எடுத்துவிடலாம் என்ற கணக்கில் கொடுக்கிறார். பக்கத்தில் இருப்பவரும் அதே கணக்குதான் போடுகிறார். இன்றைய வாடிக்கையாளர் அத்தனை பேரும் அடுத்த பருவத்தில் போட்டிக்காரர்கள். ஒருவர் கொஞ்சம் குறைக்க, அடுத்தவர் இன்னும் கொஞ்சம் குறைக்க, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான்.

லெமன் ஃப்ராஸ்ட் என்ற நிறத்துக்கு நடந்தது இதைவிட மோசம். பளிச்சென்ற மஞ்சளும் வெள்ளையுமாக வந்து பெரிய விலைக்குப் போனது. பிறகு அவற்றின் தோலில் வெள்ளைக் கட்டிகள் கிளம்பின. நிறமிச் செல்களில் வரும் புற்று. அந்த நிறத்தையும் கட்டியையும் ஸ்பின்ட்1 என்ற ஒரே மரபணுவோடு இணைத்து 2021-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 80 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றுக்குக் கட்டி வருகிறது. பலர் அதை இனப்பெருக்கம் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். எனிக்மா என்ற இன்னொரு நிறத்தில் தலை சாய்ந்து வட்டமடிக்கும் நரம்புக் கோளாறு உண்டு. அதைச் சொல்லாமல் விற்பவரிடம் எந்த விலையும் அதிக விலைதான்.

செல்லமாக வளர்க்க மட்டும் ஒன்று வேண்டும் என்பவருக்கு ஹெட்டும் வம்சமும் எதற்கு? சாதாரண நிறத்தில் ஓர் ஆண் போதும். வால் ஒருமுறை அறுந்து திரும்ப முளைத்ததென்றால் இன்னும் மலிவாகக் கிடைக்கும். புது வால் முள்ளங்கிக் கிழங்குபோலக் குண்டாக இருக்கும், அவ்வளவுதான், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அறுபடாத வாலே குச்சியாக மெலிந்திருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். கொழுப்பைச் சேர்த்து வைக்கும் இடம் அது. கிரிப்டோ என்ற குடல் ஒட்டுண்ணி தாக்கினால் முதலில் மெலிவது வால்தான், கூட இருக்கும் மற்றப் பல்லிகளுக்கும் பரவிவிடும். பல்லியைத் தராசில் வைத்து எடை காட்டச் சொல்லுங்கள். கண்ணெதிரே ஒரு புழுவைப் போட்டுத் தின்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். நல்ல வளர்ப்பாளர் யாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். நன்றி, வணக்கம்.