கலகலப்புக்கும் மௌனத்துக்கும் நடுவே: காதல் நாவல்கள் பற்றித் தருமபுரியில் பேசியது

எல்லோருக்கும் வணக்கம். காதல் நாவல் படிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டதும் முன்வரிசைப் பெண்கள் சட்டென்று தூக்கினார்கள், பின்வரிசை அக்காக்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத் தூக்கினார்கள். அந்தத் தயக்கம் வேண்டாம் அக்கா. பஸ் ஸ்டாண்டு கடையில் மாத நாவல் வாங்கி, வாடகை நூலகத்தில் முறை வைத்து எடுத்து, இப்போது செல்போனில் தொடர்கதையின் அடுத்த எபி, அதாவது எபிசோடு, எப்போது வரும் என்று ராத்திரி வரை விழித்திருந்து படிக்கிறீர்களே, தமிழில் கதை வாசிக்கும் பழக்கத்தை உயிரோடு வைத்திருப்பவர்களில் நீங்கள் முன்னால் நிற்கிறவர்கள்.

அந்த நாவல்களில் ஒரு வகையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். குணத்தில் நேர் எதிரான இரண்டு பேர், ஒருவர் வாயாடி, ஒருவர் வாய் திறக்காதவர், இருவருக்கும் பழைய அடி ஒன்று இருக்கும், மோதி மோதிச் சேர்ந்து, கடைசியில் இருவரும் ஆறிவிடுவார்கள். எனக்கு இந்த வகை ரொம்பப் பிடிக்கும். பிடிக்கும் என்பதால்தான் அதில் அந்தக் காயம் ஆறும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேசுகிறேன்.

எதிர் எதிராக இருப்பவர்கள்தான் ஈர்க்கப்படுவார்கள் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். ஆனால் 1960களில் டான் பைர்ன் தொடங்கி உளவியல்காரர்கள் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் வேறு மாதிரி சொல்கின்றன, எண்ணமும் மதிப்பும் ஒத்துப்போகிறவர்களிடம்தான் மனிதர்கள் அதிகம் நெருங்குகிறார்கள். அப்படியானால் இந்த நாவல்கள் பொய்யா? இல்லை என்பது என் கருத்து. நல்ல நாவலில் அந்த இருவரும் வெளியே பார்க்கத்தான் எதிரெதிர், உள்ளே பட்ட அடி கிட்டத்தட்ட ஒன்றுதான், அதை மறைக்கக் கற்றுக்கொண்ட வழி மட்டும் வேறு. ஜான் பவுல்பி என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர், குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் உள்ள பிணைப்பைப் பற்றி நிறைய எழுதினார். அதையே காதலுக்குப் பொருத்திப் பார்த்தவர்கள் சிண்டி ஹசான், பிலிப் ஷேவர் என்ற இருவர். அமெரிக்காவில் டென்வர் நகர நாளிதழ் ஒன்றில் கேள்வித்தாள் போட்டு, வாசகர்கள் அனுப்பிய பதில்களையும் வைத்து 1987இல் கட்டுரை வெளியிட்டார்கள். பதில் சொன்னவர்களில் பாதிக்குச் சற்று மேல் உறவில் நிம்மதியாக இருப்பவர்கள். மீதிப் பேரில் ஒரு பகுதி, விட்டுப் போய்விடுவார்களோ என்ற பதற்றத்தில் இறுக்கிப் பிடிப்பவர்கள், இன்னொரு பகுதி, யாராவது நெருங்கி வந்தாலே தள்ளி நிற்பவர்கள். நம் நாவல்களின் நாயகனையும் நாயகியையும் இந்தக் கடைசி இரண்டிலிருந்துதான் எடுக்கிறார்கள்! ஒருவர் துரத்த, ஒருவர் ஓட, ஓடுவதைப் பார்த்து இவர் இன்னும் துரத்த, கதை நானூறு பக்கம் போகிறது.

சரி, நம் ஊரிலேயே ஒரு ஜோடியை யோசிப்போம், இது என் கற்பனை. பென்னாகரம் பக்கத்துப் பெண், ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். வாய் திறந்து சிரிக்க மாட்டாள். ஏன் என்று வெளியூர்க்காரருக்கு விளக்க வேண்டும், உங்களுக்குத் தெரியும், போர்வெல் தண்ணீர். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள தண்ணீரைச் சின்ன வயதில், ஈறுக்குள் பல் உருவாகும் காலத்தில், வருடக்கணக்கில் குடித்தால் எனாமலில் பழுப்புக் கறை ஏறிவிடும், அப்புறம் எந்தப் பேஸ்ட் போட்டுத் தேய்த்தாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது, அதற்கு முன்னால் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் கையால் வாயை மூடிச் சிரிக்கிறார்கள் என்று நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் சிரிம்மா" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று கிளம்பிப் போனார்கள்.

அவன் ராயக்கோட்டைக்காரன். தக்காளி விலை விழுந்த வருடம், பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் கட்டாமல் கூடையோடு ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த அன்று ராத்திரி அவன் அப்பா வீட்டை விட்டுப் போனார், திரும்பவில்லை. அன்றைக்கு வீட்டில் விழுந்த அமைதியை அவனால் இன்னும் தாங்க முடியவில்லை, அதனால்தான் எங்கே போனாலும் பேசிக்கொண்டே இருக்கிறான், எல்லோரையும் சிரிக்க வைக்கிறான். இப்போது இந்த இருவரையும் ஒரே பஸ்ஸில் உட்கார வையுங்கள். அவள் பேசாமல் இருந்தால் இவனுக்கு அப்பா போன ராத்திரி ஞாபகம் வரும், இவன் சிரிக்கச் சொல்லிக் கேட்டால் அவளுக்குப் பெண் பார்த்த நாள் ஞாபகம் வரும். வேண்டுமென்று யாரும் நோகடிக்கவில்லை, ஒருவர் தப்பிக்கக் கண்டுபிடித்த வழியே இன்னொருவரின் காயத்தில் போய்க் குத்துகிறது. எதிரெதிர் குணம் என்றால் இந்த ஆழத்துக்குப் போக வேண்டும். அவனுக்குக் காபி, இவளுக்கு டீ, அவன் அழுக்கு, இவள் சுத்தம் என்று முடித்துக்கொள்வது எனக்குப் போதவில்லை. நானாக இருந்தால் இந்தக் கதையின் பெரிய காதல் காட்சியாக, ஓசூரில் ஏறியவன் பாலக்கோடு வரும்வரை ஒரு வார்த்தை பேசாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவதை எழுதுவேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இந்த மண்ணில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் காதல் நாவல் பற்றிப் பேசக் கூடாது. 2012 நவம்பர் 7ஆம் தேதி, நாய்க்கன்கொட்டாய் அருகே நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிந்தன, சாதி தாண்டிய ஒரு திருமணத்துக்குப் பிறகு. அடுத்த ஜூலையில், அந்தத் திருமணம் செய்துகொண்ட தலித் இளைஞர் ரயில் தண்டவாளத்தின் அருகே இறந்து கிடந்தார். நாம் படிக்கிற நாவல்களில் பெரும்பாலும் யாருக்கும் சாதி இருக்காது, சாதி இல்லை என்பதால் அப்படி என்று நினைக்காதீர்கள், எல்லோரும் ஒரே சாதி என்று சொல்லாமலே வைத்துக்கொண்டு எழுதுவதால். இந்த மாவட்டத்தில் பழைய காயம் என்று ஒருவர் எழுத உட்கார்ந்தால், அவர் பாத்திரத்துக்குப் பத்து வயதில் வீடு எரிந்ததைப் பார்த்த ஞாபகம் இருக்கலாம், எரித்த பக்கத்தில் தன் மாமா நின்றது தெரிந்தவளாக இன்னொருத்தி இருக்கலாம். அந்த இருவர் காதலித்தால் அதைவிட எதிரெதிர் வேறு என்ன இருக்கிறது? எழுதுகிற தங்கைகள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், பயமாக இருக்கும், எனக்கும் தெரியும். ஊர்ப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் எழுதுங்கள்.

அப்புறம் இந்த ஆன்டி ஹீரோ விஷயம். அவனை அவன் அம்மா விட்டுப் போயிருப்பாள், அல்லது ஒருத்தி ஏமாற்றியிருப்பாள், ஆகவே அவன் நாயகிக்குக் கட்டாயத் தாலி கட்டுவான், அறைவான், பணத்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வான், முப்பது அத்தியாயம் கழித்து பிளாஷ்பேக் திறக்கும், இவள் அவனுக்காக அழுவாள், எல்லாம் சரியாகிவிடும். இதை நான் ஏற்கவே மாட்டேன். அவன் பட்ட அடி அவனைப் புரிந்துகொள்ள உதவலாம், இவளை அடிக்க அனுமதி ஆகாது. 2005இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டம் உடல் அடியை மட்டும் சொல்லவில்லை, வார்த்தையால் மனதை நோகடிப்பதையும், காசு இல்லாமல் முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. அந்தச் சட்டத்தை எடுத்து வைத்துப் படித்தால் நம் பிரபல நாயகர்கள் பலர் அதில் வந்து நிற்பார்கள். படிக்கும்போது சுகமாக இருக்கிறது, கதைதானே என்கிறீர்கள். உங்கள் பெண்ணும் அதே செல்போனில் அதே கதையைப் படிக்கிறாள், அடித்தவன் அழுதால் அது காதல் என்று அவள் எடுத்துக்கொண்டால் என்ன செய்வது?

ஆறுவது எப்படி என்று கேட்டால், மழையில் நனைந்துகொண்டே ஒரு முறை எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் ஆறிவிடாது. ஆறரைக்கு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்று சொன்னவன் ஆறரைக்கு நிற்பது, மறுநாளும் நிற்பது, ஒரு நாள் வர முடியாவிட்டால் முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்வது, இப்படி நிறைய சின்ன விஷயங்கள் சேர்ந்துதான் நம்பிக்கை வருகிறது. நடுவில் பழையபடி சறுக்கும், அதையும் எழுத வேண்டும். இன்னொன்று, நம் நாயகனுக்குக் கத்திக்குத்து விழுந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், பத்து வருடமாகத் தூக்கம் வராமல் கிடந்தால் மட்டும் நாயகி மடிதான் வைத்தியம் என்கிறோம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு, அது அரசின் மனநல உதவி எண், அதற்குக் காசில்லாமல் போன் போட்டுத் தமிழிலேயே பேசலாம். ஒரே ஒரு நாயகனாவது அந்த நம்பருக்குப் போன் போடட்டும், பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்கட்டும், அதுவும் காதல் காட்சிதான்.

கடைசி அத்தியாயம் பற்றி ஒரு வார்த்தை. மூன்று வருடம் கழித்து என்று போட்டு இரட்டைக் குழந்தையோடு முடிக்கிறீர்களே, அந்தக் குழந்தைகள் பாவம், அப்பா அம்மாவின் காயத்துக்கு மருந்தாகப் பிறக்க வேண்டியிருக்கிறது. என் ஜோடிக்குக் குழந்தை பிறக்கலாம், பிறக்காமலும் போகலாம், அவள் பல் கறை அப்படியேதான் இருக்கும், அவன் அப்பாவும் திரும்பி வர மாட்டார். அவள் ஷிஃப்ட் முடிந்து வந்து அன்றைக்கு லைனில் நடந்த சண்டையைக் கதை கதையாய்ச் சொல்கிறாள், இவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், அவ்வளவு போதும் என்று நான் நினைக்கிறேன். ஆன்டி ஹீரோ பற்றி நான் சொன்னதில் கோபம் உள்ளவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், மைக்கை அங்கேயே அனுப்புகிறேன், பேசுங்கள்.